கழுத்து வலி: நரம்பு ஊசிக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை

சுகாதாரப் பாடம் – குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதிக்க



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதியில் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் சேமிப்பு, கடன், வட்டி பேசி முடித்த பிறகு உடம்பு வலிப் பேச்சு வந்துவிடும். அதில் முக்கியமானது கழுத்து வலி. "கழுத்தைத் திருப்பவே முடியலைங்க", "ராத்திரி படுத்தா தோள்பட்டை வரைக்கும் குத்துது", "கை மரத்துப் போவுது" என்று ஒருவர் ஆரம்பித்தால் நாலு பேர் "எனக்கும்தான்" என்பார்கள்.

இப்போது இன்னொரு பேச்சும் சேர்ந்திருக்கிறது. "டாக்டர் நரம்பு ஊசி போட்டுக்கச் சொல்றார். சங்கத்துல கடன் கிடைக்குமா?" இந்தக் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று உடனே பதில் சொல்ல முடியாது. நரம்பு ஊசி என்றால் என்ன, அது யாருக்கு உதவும், அதற்கு முன்னால் என்ன செய்து பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால்தான் முடிவு எடுக்க முடியும். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

நமக்கு ஏன் கழுத்து வலி வருது?

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. தலை நிமிர்ந்து இருக்கும்போது அந்த எடையைக் கழுத்து எலும்புகள் சுலபமாகத் தாங்கும். தலையைக் குனியக் குனிய, பின்கழுத்துச் சதைதான் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். 2014-ல் அமெரிக்காவைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் இதைக் கணக்குப் போட்டார். தலை 30 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் சுமார் 18 கிலோ. 60 டிகிரி குனிந்தால் சுமார் 27 கிலோ. அதாவது ஒரு சிப்பம் அரிசி!

நம் வேலைகளைப் பாருங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆயத்த ஆடை தைப்பவர், வீட்டிலேயே பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர், பூந்தமல்லிப் பக்கம் பூ கட்டுபவர், அரிவாள்மணையில் குனிந்து காய் நறுக்குபவர் என்று எல்லோருக்கும் தலை மணிக்கணக்கில் குனிந்தே இருக்கிறது. சித்தாள் வேலைக்குப் போகிறவர் தலையில் செங்கல் சுமக்கிறார். தண்ணீர் லாரி வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். எல்லாம் முடிந்து உட்கார்ந்தால் கையில் செல்போன். மறுபடியும் குனிந்த தலை.

நமக்கு மட்டும்தான் இந்த வலி என்று நினைக்க வேண்டாம். 2020-ல் உலகம் முழுவதும் 20 கோடிக்கும் அதிகமான பேருக்குக் கழுத்து வலி இருந்ததாக ஒரு பெரிய கணக்கெடுப்பு சொல்கிறது. அதில் ஆண்களை விடப் பெண்களே அதிகம்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறோம். இந்தப் பாடம் அந்த வலியைப் பற்றியது. நேற்று தூக்கத்தில் பிடித்துக்கொண்ட கழுத்து பெரும்பாலும் சில நாளில் தானே சரியாகிவிடும்.

எலும்புத் தேய்மானம் என்றால் பயமா?

நிறைய பேர் ஸ்கேன் கவரை எடுத்து வந்து காட்டுகிறார்கள். "எலும்பு தேய்ஞ்சிருக்கு, ஜவ்வு பிதுங்கியிருக்குன்னு எழுதியிருக்காங்க. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாம்" என்று கண் கலங்குகிறார்கள்.

கழுத்தில் 7 எலும்புகள் இருக்கின்றன. எலும்புக்கு எலும்பு நடுவில் மெத்தை மாதிரி ஜவ்வு. பின்பக்கம் இரண்டு பக்கமும் கதவுக் கீல் மாதிரி சின்னச் சின்ன மூட்டுகள். பக்கவாட்டில் கைக்குப் போகும் நரம்புகள் வெளியே வருகின்றன. வயது ஏற ஏற முடி நரைப்பது போல ஜவ்வும் கொஞ்சம் வற்றும், பிதுங்கும். 2015-ல் ஜப்பானில் ஒரு ஆய்வு வெளிவந்தது. கழுத்து வலி முதலிய எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 100-க்கு 87 பேருக்கு ஜவ்வு பிதுக்கம் இருந்தது!

அதனால் ஸ்கேன் காகிதத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலி எங்கே, எப்போது வருகிறது, கையில் பலம் இருக்கிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சோதிப்பதுதான் முக்கியம்.

இந்த அறிகுறி இருந்தால் காத்திருக்காதீர்கள்

கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் பயிற்சி, எண்ணெய், சுளுக்குத் தடவுதல் எதுவும் வேண்டாம். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

1. விழுந்த பிறகோ, வண்டி விபத்துக்குப் பிறகோ வந்த கழுத்து வலி.
2. கைப்பிடி தளர்வது. பாத்திரம் நழுவுவது, ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போவது, ஜாக்கெட் கொக்கி மாட்ட வராமல் போவது.
3. நடக்கும்போது கால் பின்னுவது, தள்ளாடுவது.
4. சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது.
5. காய்ச்சலோடு கழுத்து விறைத்துப் போவது.
6. ராத்திரியில் அதிகமாகும் வலியோடு உடம்பு இளைப்பது, சாயங்காலக் காய்ச்சல். முன்பு டிபி அல்லது புற்றுநோய் வந்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கணும். டிபி முதுகெலும்பிலும் வரும்.
7. நெஞ்சு அடைப்பு, வியர்வை, மூச்சு வாங்குதல் இவற்றோடு கழுத்து, தாடை, இடது கை வலிப்பது. இது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டாவதும் மூன்றாவதும் தண்டுவடம் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். "வயசாச்சு, கை நடுங்குது" என்று விட்டுவிட்டால், போன பலம் முழுசாகத் திரும்பாமலே போகலாம். வலி குறைவாக இருந்தாலும் இதை விடக் கூடாது.

இன்னும் ஒரு எச்சரிக்கை. கழுத்தைப் பிடித்து 'சடக்' என்று முறிக்க யாரையும் விடாதீர்கள். கழுத்து வழியாகத்தான் மூளைக்கு ரத்தக்குழாய் போகிறது.

முதல் மருந்து: பயிற்சி

"வேலை செஞ்சுதானே வலி வந்துச்சு, இன்னும் பயிற்சி வேறயா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வேலை செய்யும்போது ஒரே சதை ஒரே மாதிரி மணிக்கணக்கில் இழுபடுகிறது. பயிற்சியில் சோர்ந்துபோன சதைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் சேர்க்கிறோம். இரண்டும் வேறு.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. 2003-ல் பின்லாந்து நாட்டில் ஜாரி யிலினன் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நாள்பட்ட கழுத்து வலி உள்ள 180 பெண்கள். எல்லோரும் அலுவலக வேலை செய்பவர்கள். அவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழு ரப்பர் பட்டையைத் தலையில் மாட்டி இழுத்துக் கழுத்துக்குப் பலம் சேர்த்தது. இரண்டாவது குழு படுத்துக்கொண்டு தலையைத் தூக்கித் தூக்கி இறக்கும் பயிற்சி செய்தது. இந்த இரண்டு குழுவும் சின்ன எடை தூக்கித் தோளுக்கும் கைக்கும் பயிற்சி செய்தன. மூன்றாவது குழுவுக்கு நடை போன்ற பொதுவான உடற்பயிற்சியும், சதையை நீட்டும் பயிற்சியும் மட்டும்.

ஒரு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். வலி நன்றாகக் குறைந்தது அல்லது முழுசாகப் போனது என்று சொன்னவர்கள் முதல் குழுவில் 100-க்கு 73 பேர். இரண்டாவதில் 59 பேர். மூன்றாவதில் 21 பேர்தான்.

இதில் நமக்கு மூன்று பாடம் இருக்கிறது. ஒன்று, வெறுமனே கழுத்தை நீட்டி மடக்கினால் போதாது, பலம் சேர்க்கணும். இரண்டு, பத்து நாள் செய்துவிட்டு "ஒண்ணும் கேட்கலை" என்று விடக் கூடாது. மூன்று, அவர்கள் முதலில் சில நாள் பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்டு, பிறகுதான் வீட்டில் செய்தார்கள். நாமும் ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டி, இது நமக்குச் சரியா என்று கேட்டுக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது.

வீட்டில் செய்யும் ஐந்து பயிற்சிகள்

1. தாடை உள்ளிழுத்தல்: சுவரில் முதுகு சாய்த்து நேராக நிற்கவும். குனியாமல், தாடையை மட்டும் பின்னால் இழுக்கவும், இரட்டைத் தாடை விழுவது போல. 5 எண்ணும் வரை வைத்து விடவும். 10 தடவை.

2. கைக்கு எதிராகத் தலை: நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலையால் கையைத் தள்ளவும். கை விட்டுக்கொடுக்கக் கூடாது, தலையும் நகரக் கூடாது. 5 எண்ணவும். இதே போல பின்தலை, வலது பக்கம், இடது பக்கம். ஒவ்வொரு பக்கமும் 5 தடவை. முதல் வாரம் மெதுவான அழுத்தம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

3. தோள் பின்னிழுத்தல்: இரண்டு தோள்பட்டை எலும்பும் முதுகில் ஒன்றை ஒன்று தொடுவது போல இழுக்கவும். 5 எண்ணவும். 10 தடவை.

4. பாட்டில் தூக்குதல்: இரண்டு கையிலும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். கையைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி மெதுவாக இறக்கவும். 10 தடவை. சுலபமாக வந்த பிறகு ஒரு லிட்டர்.

5. காது தோளுக்கு: தோளைத் தூக்காமல், வலது காதை வலது தோள் பக்கம் சாய்க்கவும். 20 எண்ணவும். பிறகு இடது பக்கம். 3 தடவை. இதைக் கடைசியில் செய்யணும்.

முதல், மூன்றாவது, ஐந்தாவது பயிற்சிகளைத் தினமும் செய்யலாம். இரண்டாவதும் நான்காவதும் பலம் சேர்ப்பவை. வாரம் 3 நாள் போதும், நடுவில் ஒருநாள் இடைவெளி விடவும். முதலில் சதை கொஞ்சம் வலிக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் கையில் ஷாக் அடிப்பது போல இழுத்தாலோ, தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வித்தியாசம் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம்.

பயிற்சியோடு வேலை செய்யும் விதமும் மாற வேண்டும். தையல் மிஷினுக்கு முன்னால் உட்காரும் ஸ்டூலின் உயரம் சரியாக இருக்கணும். தைக்கும் துணி கண்ணுக்கு அருகில் வருவது போல மேசையைச் செங்கல் வைத்து உயர்த்தலாம். பூ கட்டும்போது கூடையைத் தரையில் வைக்காமல் மணைமேல் வையுங்கள். காயைத் தரையில் உட்கார்ந்து நறுக்காமல் மேடையில் வைத்து நறுக்குங்கள். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து தோளைச் சுழற்றுங்கள். தலையணை ரொம்ப உயரமாக வேண்டாம். கழுத்துப் பட்டையை மருத்துவர் சொன்ன சில நாளுக்கு மட்டும் போடுங்கள். மாதக்கணக்கில் போட்டால் சதை இன்னும் பலவீனமாகும்.

மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கித் தினமும் விழுங்குவது வேண்டவே வேண்டாம். வயிற்றில் புண் வரும், கிட்னி கெடும். சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

நரம்பு ஊசி என்றால் என்ன?

எல்லாவற்றையும் 'நரம்பு ஊசி' என்றே சொல்கிறோம். ஆனால் அதில் வகை இருக்கிறது.

முதல் வகை, சோதனை ஊசி. கழுத்தின் பின்னால் கீல் போன்ற சின்ன மூட்டு இருக்கிறது என்று சொன்னோம் அல்லவா? அந்த மூட்டின் வலியை மூளைக்குச் சொல்வது ஒரு மெல்லிய நரம்பு. எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே அந்த நரம்பின் பக்கத்தில் கொஞ்சம் மரத்துப்போகும் மருந்தை விடுவார்கள். சில மணி நேரம் வலி நன்றாகக் குறைந்தால், வலி வருவது அந்த மூட்டிலிருந்துதான் என்று தெரியும். ஒருமுறை குறைந்தது தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால், இன்னொரு நாள் மறுபடியும் சோதிப்பது நல்ல முறை.

இரண்டாவது வகை, நரம்பைச் சுடுவது. 'ரேடியோ ப்ரீக்வென்சி' சிகிச்சை என்பார்கள். சோதனை ஊசியில் பலன் தெரிந்தவர்களுக்கு மட்டும் இது. ஊசி முனையை சுமார் 80 டிகிரிக்குச் சூடாக்கி, ஒன்று ஒன்றரை நிமிஷம் வைத்து, அந்த மெல்லிய நரம்பு வலியைக் கடத்தாமல் செய்வார்கள். கை கால் அசைக்கும் நரம்பு இது இல்லை. ஆனால் சுட்ட நரம்பு மறுபடி வளரும். வளர்ந்தால் வலியும் திரும்பலாம்.

1996-ல் ஆஸ்திரேலியாவில் நிகோலாய் பொக்டக் முதலிய மருத்துவர்கள் விபத்துக்குப் பிறகு நாள்பட்ட கழுத்து வலி வந்த 24 பேரைச் சோதித்தார்கள். 12 பேருக்கு உண்மையான சூடு. 12 பேருக்கு ஊசி மட்டும் வைத்து, சூடு இல்லை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. வலி பழைய அளவில் பாதிக்குத் திரும்ப, சூடு வைத்தவர்களுக்கு நடுத்தரமாக 263 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 8 நாள். பலன் உண்மைதான். ஆனால் அந்த 24 பேரும் கவனமாகச் சோதித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். பலன் கிடைத்த காலமும் ஒன்பது மாதம்தான்.

மூன்றாவது வகை, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள இடத்தில் ஸ்டீராய்டு மருந்து விடுவது. கழுத்திலிருந்து கைக்கு வலி ஓடுபவர்களுக்குச் சொல்வார்கள். இப்படிப்பட்ட கை வலி பலருக்குச் சில மாதத்தில் தானே குறையும். இந்த ஊசியால் மிக அரிதாகப் பக்கவாதம், பார்வை இழப்பு, உயிரிழப்பு வரை நேரலாம் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014-ல் எச்சரித்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டால் சில நாள் சர்க்கரை ஏறும்.

மருத்துவர்கள் என்ன சொல்றாங்க?

2025-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற இதழில், பல நாட்டு நிபுணர்களும் நோயாளிகளும் சேர்ந்த ஒரு குழு தன் பரிந்துரையை வெளியிட்டது. புற்றுநோயால் வராத நாள்பட்ட கழுத்து, முதுகு வலிக்கு இந்த மாதிரி ஊசிகளும் நரம்பைச் சுடுவதும் வேண்டாம் என்றது. வலி சிகிச்சை மருத்துவர்களின் சங்கங்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. சரியாகத் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பலன் உண்டு என்கிறார்கள்.

பெரிய பெரிய மருத்துவர்களே இப்படி இரண்டு பக்கம் நிற்கும்போது, நாம் செய்ய வேண்டியது அவசரப்படாமல் இருப்பது. ஊசி போட்டால் வலி குறையலாம். ஆனால் சதைக்குப் பலம் வராது, ஸ்டூல் உயராது. வலி குறைந்த மாதங்களில் பயிற்சி செய்யாமல் அதே குனிந்த வேலைக்குப் போனால், வலி திரும்பி வரும்போது கடன் தவணை பாக்கி இருக்கும். வலியால் பயிற்சியே செய்ய முடியாதவருக்கு ஊசி ஒரு படிக்கட்டு ஆகலாம். படியில் ஏறிய பிறகு நடக்க வேண்டியது நாம்தான்.

கடன் கேட்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. என் வலி எந்த மூட்டிலிருந்து, எந்த நரம்பிலிருந்து வருது? எப்படி உறுதி செய்தீங்க?
2. இது சோதனை ஊசியா, சுடுவதா, ஸ்டீராய்டா?
3. எத்தனை மாதம் பலன் இருக்கும்? திரும்பப் போடணுமா?
4. என்ன ஆபத்து வரலாம்? எக்ஸ்ரே திரையில் பார்த்துத்தான் போடுவீங்களா?
5. ஊசிக்குப் பிறகு பயிற்சி யார் சொல்லிக் கொடுப்பாங்க?
6. மொத்தச் செலவு எவ்வளவு? அரசுக் காப்பீட்டில் வருமா?

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கேள்வி கேட்டால் டாக்டர் கோவிச்சுக்குவார் என்று தயங்காதீர்கள். உடம்பும் நம்முடையது, கடனும் நம்முடையது. தனியாகப் போகப் பயமாக இருந்தால் குழுவிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள்.

எங்கே போகலாம்?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது உங்கள் ஊர் அரசு மருத்துவமனை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது. உங்கள் பகுதியில் எந்த நாளில், எங்கே கிடைக்கும் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். அடுத்த கட்டமாக, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

கம்பெனியில் வேலை செய்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் அந்த அட்டையைப் பயன்படுத்துங்கள். நம் சம்பளத்திலிருந்து போகும் பணம் அது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், எந்த சிகிச்சை அதில் வரும் என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

குழுவில் விவாதிக்க

1. நம் குழுவில் மூன்று மாதத்துக்கு மேல் கழுத்து வலி உள்ளவர்கள் எத்தனை பேர்? என்ன வேலை செய்கிறார்கள்?
2. எச்சரிக்கை அறிகுறி ஏழில் எதுவாவது யாருக்காவது இருக்கிறதா? இருந்தால் இந்த வாரமே துணைக்கு யார் போவது?
3. கூட்டம் ஆரம்பிக்கும் முன் பத்து நிமிஷம் எல்லோரும் சேர்ந்து பயிற்சி செய்யலாமா?
4. தையல் மேசையை உயர்த்தவும், நல்ல ஸ்டூல் வாங்கவும் சின்னக் கடன் கொடுக்கலாமா?

ஊக்குநர்கள் இதைத் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளவும். வலி உள்ளவர்களின் பெயருக்கு நேராக, பயிற்சி செய்த நாட்களைச் சேமிப்புக் கணக்கு போல மாதாமாதம் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து, யாருக்கு இன்னும் மேல் சிகிச்சை தேவை என்று பேசலாம். அப்போது கடன் விண்ணப்பம் வந்தால், விஷயம் தெரிந்து முடிவு எடுக்க முடியும்.